ஐந்து டன்னுக்கு ஒரு சவரன்

நேயர்களுக்கு வணக்கம். 1920-இல் பாக்தாதில் அமைந்த ஈராக்கின் முதல் அமைச்சரவையில் நிதி இலாகாவை ஏற்றவர் சாசூன் எஸ்கேல். பாக்தாத் யூதக் குடும்பத்தவர். அதற்கு முன் ஈராக்கை ஆண்ட உதுமானிய (துருக்கிய) பேரரசின் நாடாளுமன்றத்துக்கு 1908-இலேயே தேர்வானவர்.

அவர் கைக்கு வந்த கஜானா பரிதாபமானது. நாட்டுக்கென்று நாணயம் கிடையாது; முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையோடு வந்த இந்திய ரூபாய்தான் கடைவீதியில் புழங்கியது. உதுமானியப் பேரரசின் பழைய கடனில் ஒரு பங்கு தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, வருவாயில் கால் பங்காவது பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று 1924-இல் பிரிட்டனோடு உடன்பாடு.

மிச்சமிருந்தது எண்ணெய். 1925 மார்ச் 14 அன்று டர்க்கிஷ் பெட்ரோலியம் கம்பெனி என்ற அந்நிய எண்ணெய் நிறுவனத்துக்கு 75 ஆண்டு உரிமம் கொடுத்தார்கள். எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 4 ஷில்லிங் ராயல்டி, அதாவது அரசுக்குத் தரும் உரிமைத் தொகை. அதுவும் தங்க மதிப்பில். தங்கம்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் சாசூன் என்பது ஈராக்கில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். தங்கத்தில் ஒரு பவுண்ட் என்றால், நம் நகைக்கடைகளில் சவரன் என்கிறோமே, அதற்கு மூலமான பிரிட்டிஷ் காசு. ஆக, ஐந்து டன் எண்ணெய்க்கு ஒரு சவரன். அன்று பவுண்ட் நோட்டும் தங்கமும் ஏறக்குறைய சமமாக இருந்ததால், இது வீண் பிடிவாதமாகக்கூடத் தெரிந்திருக்கும்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது; அதாவது பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையை நிறுத்தியது. நோட்டின் மதிப்பு சரிந்தது. சாசூன் 1932-இல் பாரிஸில் காலமானார். கிர்குக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் குழாய்வழி எண்ணெய் ஓடத் தொடங்கிய 1934-35 வாக்கில், அந்த 4 தங்க ஷில்லிங் நோட்டுக் கணக்கில் சுமார் ஆறரை ஷில்லிங். குழாயின் கொள்ளளவு ஆண்டுக்கு 40 லட்சம் டன். ராயல்டி 8 லட்சம் தங்கப் பவுண்ட்; நோட்டாக எண்ணினால் ஏறக்குறைய 13 லட்சம்.

ஆனால் இந்த நிபந்தனை காத்தது பணமதிப்புச் சரிவிலிருந்து மட்டும்தான். 1920-இல் இத்தாலியின் சான் ரெமோ மாநாட்டில் ஈராக் தரப்புக்கென்று பேசப்பட்ட 20 சதவீதப் பங்கைக் கம்பெனி தர மறுத்தது. அதனால் ஈராக்கின் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். டன்னுக்கு இவ்வளவு என்று நிலையாகக் கட்டிவிட்டதால், எண்ணெய் விலை ஏறினாலும் ஈராக்குக்கு லாபமில்லை. எத்தனை டன் எடுப்பது என்பதும் கம்பெனியின் விருப்பம். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான். லாபத்தில் பாதி என்ற ஏற்பாடு 1952-இல்தான் வந்தது.