வக்கீல் உங்களோடு உட்கார்ந்து பேசினாரா?

நேயர்களுக்கு வணக்கம். டர்பன் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் பல வருடம் அலைந்த வக்கீல் நான். ஒருநாள் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வக்கீல் வந்தார், ஃபைலைப் புரட்டினார், உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எங்கே இருந்தாய் என்றுகூடப் பேரனைக் கேட்கவில்லை" என்றார்.

சட்டம் தெரியாத அந்தப் பாட்டி, சரியான இடத்தில்தான் கை வைத்தார்.

நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வக்கீல் இல்லாவிட்டால் பெரிய அநீதி நேரும் என்றால், அரசே தன் செலவில் ஒருவரைத் தர வேண்டும். சரி, பெயருக்கு ஒருவர் பக்கத்தில் நின்றால் போதுமா? போதாது. 2002இல் ஹால்கிரின் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: அந்த உரிமை உண்மையானதாக இருக்க வேண்டும், வெறும் தோற்றமாக இருக்கக் கூடாது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கட்சிக்காரரோடு வக்கீல் கலந்து பேசவே இல்லை என்பது ஒரு வகைக் குறை. அதைக் காட்டுவது ஓரளவு எளிது. சாட்சியை இன்னும் நன்றாகக் குறுக்கு விசாரணை செய்திருக்கலாம், இன்னாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கலாம் என்பது வேறு வகை. அது வக்கீலின் கணிப்பு. தோற்ற பிறகு வரும் வருத்தத்தை வைத்து நீதிமன்றம் அதை எடைபோடாது.

அப்பீலில் வக்கீல் மேல் குறை சொன்னால், அவரோடு ரகசியமாகப் பேசியதையும் திறந்து காட்ட வேண்டிவரும். அதே நீதிமன்றத்துக்கு வந்த டண்ட்வா வழக்கு அதைக் காட்டியது. கடுமைதான், ஆனாலும் வக்கீலும் பதில் சொல்ல வேண்டுமே.

அதனால், தண்டனை வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பேரன் விசாரணை தொடங்கும் முன்பே எழுந்து, "என் வக்கீல் இன்னும் என்னோடு பேசவில்லை" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னான். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த முறை வக்கீல் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார். முதல் கேள்வியே, "அன்றைக்கு எங்கே இருந்தாய்?"