மகனின் டெஸ்ட் ரிப்போர்ட்: ஐக்யூ எண்ணைத் தாண்டி நான் படித்தது

வணக்கம் மக்களே. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, பின்னால் தகரக் கூரைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துதான் பேசுகிறேன். கையில் இருப்பது என் மகனுடைய ரிப்போர்ட். ஒன்பது பக்கம். இதை வாங்கி வந்த நாளில் இருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு ஐக்யூ எவ்வளவு?" அந்த எண்ணை நான் யாருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. என் பிள்ளைக்கு உதவியதெல்லாம் மற்ற பக்கங்களில் இருந்ததுதான்.

அவன் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் பதில் டக்கென்று வரும். தாத்தாவோடு சந்தைக்குப் போனால் வாழைக்குலைக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் 'பாலம்' 'பலம்' ஆகிவிடும், 'கோடை' 'கொடை' ஆகிவிடும். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். நானும் நம்பினேன், அடித்தும் இருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமாக இருந்த மாவட்டம் நம் கன்னியாகுமரிதான், 91.75 சதவீதம். இப்படிப்பட்ட ஊரில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு யாரும் பொறுமை காட்டுவதில்லை.

முதலில் நான் போய் விழுந்தது ஒரு கைரேகை டெஸ்டில். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, பிள்ளையின் மூளை எதில் கெட்டி என்று கலர் கலராக ஒரு ஃபைல் கொடுத்தார்கள். விரல் ரேகையை வைத்து அறிவுத்திறனைச் சொல்ல முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம்தான் நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் போனோம். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்து வாருங்கள் என்றார். பார்வையோ காது கேட்பதோ குறைவாக இருந்தால் அதுவே படிப்பைக் கெடுக்கும் அல்லவா? டெஸ்டுக்கு முந்தின நாள் புதிர் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நன்றாகத் தூங்க வையுங்கள், காலையில் சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் காலையில் டெஸ்ட் நடந்தது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். அட்டையில் இருக்கிற வடிவத்தை அப்படியே அடுக்க வேண்டும், பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. அவன் ஒரு கட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்துத் தடுமாறவில்லை, முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து வாசிக்கக் கொடுத்தார். அதே பிள்ளைதான். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, எடுத்து, நிக்கரில் துடைத்து, மறுபடி வைத்தான். அந்த விரலைப் பார்த்தபோதுதான் இது சோம்பல் இல்லை என்று எனக்கு உறைத்தது.

இன்னொன்று. ஒரு பழத்தின் படத்தைக் காட்டியதும் "சக்கை" என்றானாம். நமக்கு அது பலாப்பழம். வேறு ஊரில் சக்கை என்றால் பிழிந்து போட்ட சண்டு. அந்த அம்மா நம் ஊர்க்காரர், சரி என்று எழுதிக்கொண்டார். பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சு புரிந்தவர் டெஸ்ட் எடுப்பது அதனால்தான் முக்கியம்.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். வெக்ஸ்லர் மாதிரி ஐக்யூ டெஸ்ட்களில் 100 என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி. நூற்றில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். இது பரீட்சை மார்க் இல்லை, வேறொரு நாள் எடுத்தால் சில எண்கள் கூடும் குறையும். அதோடு, கட்டை அடுக்குவதில் உயரத்திலும், எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் பள்ளத்திலும் இருக்கிற பிள்ளைக்கு மொத்த எண் 'சராசரி' என்று வந்து நிற்கும். அந்த மேடு பள்ளத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் நவீன அறிவுத்திறன் டெஸ்டை உருவாக்கியதே பள்ளியில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அறிவு இனி வளரவே வளராது என்று முத்திரை குத்துவதைப் பினேயே எதிர்த்தார்.

இவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் திணற வைக்கும் கற்றல் குறைபாடு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ் வாங்கினால் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஆள் போன்ற சலுகைகள் கேட்கலாம். பொதுவாக எட்டு வயதுக்கு முன் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் வாசிப்புப் பயிற்சியை அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.

பெரியவர்களுக்கும் டெஸ்ட் உண்டு. என் மாமனார் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்ததும் அவரையும் கூட்டிப்போனோம். கடிகாரம் வரைந்து முள் வைக்கச் சொன்னார்கள், ஐந்து சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். ஞாபகம், யோசனை எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட், மோகா என்று பெயர், 30 புள்ளி. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன மனுஷன், பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. படிப்புக் குறைவை மறதி என்று எண்ணிவிடக் கூடாது என்று அங்கே யோசித்திருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கம் பக்கமாக விளக்கச் சொல்லுங்கள், நாளை முதல் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது தினமும் இருபது நிமிடம் மணலில் எழுத்து எழுதி, சத்தம் போட்டுச் சொல்கிறோம். நேற்று பஸ்ஸில் 'தக்கலை' போர்டை அவனே வாசித்தான். மழை விட்டுவிட்டது, பள்ளி விடும் நேரம். நான் போய்க் கூட்டி வருகிறேன்.