மாரடைப்பில் ஒரு செல் எப்போது சாகிறது?

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாரடைப்பில் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "நல்லாத்தான் இருந்தார், திடீர்னு போயிட்டார்." நோயியல் துறையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் அந்த இதயத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, பெரும்பாலும் இந்தத் 'திடீர்' எங்களுக்குத் தெரிவதில்லை. தராசில் வைத்தால் 500 கிராமைத் தாண்டும். பெரியவர்களின் இதயம் சாதாரணமாக 250 முதல் 350 கிராம்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடது கீழறையின் சுவர் 2 சென்டிமீட்டர் தடித்திருக்கும். ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது அது. ஒரே ராத்திரியில் எந்தத் தசையும் இப்படித் தடிக்காது. பல வருடங்களாக உயர் ரத்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டிய இதயம் அது. அவருக்குப் பிரஷர் இருந்த விஷயமே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பல சமயம் அவருக்கே தெரிந்திருக்காது.

பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர் 1858-ல் ஒரு கருத்தை நிலைநாட்டினார். நோயைத் தேட வேண்டிய இடம் உடம்பில் ஓடும் ஏதோ ஒரு கெட்ட நீரல்ல, செல்தான் என்றார். எங்கள் துறை முழுவதும் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. செல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, எந்த இடத்தில் காயப்படுகிறது, எப்போது சாகிறது என்பதை இன்று இதயத் தசைச் செல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். பாடப் புத்தகம் போல எல்லா உறுப்பையும் தொட்டுச் சென்றால் எதுவும் மனதில் நிற்காது.

வேலைப்பளு கூடினால் உடம்பின் பல பகுதிகளில் செல்கள் பிரிந்து பெருகும். கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் கல்லீரல் தானம் செய்ய முடிவது அதனால்தான். கர்ப்பப்பை சுமார் 70 கிராமில் தொடங்கிப் பிரசவ நேரத்தில் 1,100 கிராம் வரை வளர்கிறது. அங்கே செல்கள் பெருகவும் செய்கின்றன, ஒவ்வொன்றும் பருக்கவும் செய்கின்றன. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். பெண்களின் உடம்பு செய்யும் இந்தக் காரியத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். செல்லின் தகவமைப்புக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதயத்துக்கு அந்த வசதி கிடையாது. இதயத் தசைச் செல் அநேகமாகப் பிரிவதே இல்லை. கூடுதல் ஆள் சேர்க்க முடியாத பட்டறையில் இருக்கிற ஆட்களே இரட்டை ஷிப்ட் பார்ப்பதைப் போல, இருக்கும் செல்களே பருத்துப் பாரத்தைச் சுமக்க வேண்டும். அழுத்தம் கூடக்கூடச் செல் தனக்குள் சுருங்கும் இழைகளைப் பக்கம் பக்கமாகக் கூடுதலாக அடுக்கிக்கொள்கிறது. கருவில் இருந்தபோது பயன்படுத்திய சில மரபணுக்களைத் திரும்பவும் இயக்குகிறது. இத்தனையும் சேர்ந்துதான் சுவர் தடிக்கிறது. முதலில் இது நன்மைதான். உடற்பயிற்சி செய்பவரின் இதயமும் ஓரளவு பெரிதாகும். பயிற்சியை விட்டால் குறைந்தும் விடும்.

பிரஷர்காரரின் இதயத்தில் நடப்பது வேறு. செல் பருத்த அளவுக்கு அதைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகுவதில்லை. தடித்த செல்லின் மையத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. வேலையும் அதிகம், தேவையும் அதிகம், வரத்து மட்டும் பழைய அளவு. பிழைத்துக்கொள்ளச் செல் செய்த ஏற்பாடே அதை விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. புகைப்பவரின் மூச்சுக்குழாயிலும் இதே கதைதான். புகையைத் தாங்குவதற்காக, நுண்மயிர் கொண்ட மென்மையான செல்கள் இருந்த இடத்தில் தட்டையான முரட்டுச் செல்கள் வந்துவிடுகின்றன. புகையை அவை தாங்கிக்கொள்ளும். சளியை வெளியே தள்ளத்தான் ஆள் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நிலையிலும் செல் கைவிட்டுப் போகவில்லை. அழுத்தத்தை மாத்திரையால் கட்டுப்படுத்தினால் தடித்த சுவர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதை எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்க்கலாம். "தலைசுற்றல் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும். தலைசுற்றலுக்காகத் தருவதல்ல அந்த மாத்திரை.

இப்போது மாரடைப்புக்கு வருவோம். ரத்தக் குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது, அதன் மேல் ரத்தம் உறைகிறது, குழாய் அடைபடுகிறது. அடைபட்ட குழாயை நம்பியிருந்த தசைக்கு அந்த நொடியில் என்ன ஆகிறது? அது உடனே சாவதில்லை. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தசை சுருங்குவதை நிறுத்திவிடுகிறது. உயிர் இருக்கிறது, வேலைதான் இல்லை. செல்லுக்கு எரிபொருளாக இருக்கும் ஏடிபி, 10 நிமிடத்தில் பாதியாகிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பதால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகளுக்குச் சக்தி போதாது; சோடியம் உள்ளேயே தங்குகிறது, அதன் பின்னாலேயே தண்ணீர் புகுகிறது, செல் வீங்குகிறது. இதுவரை நடந்த எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். இந்தக் கட்டத்தில் ரத்தம் திரும்ப வந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். சில நாள் சோர்ந்து கிடந்தாலும் மறுபடி துடிக்கும்.

20 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டிய செல் திரும்பி வருவதில்லை. 40 நிமிடத்தில் ஏடிபி பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டிருக்கும். கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து, சவ்வை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் சவ்வைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போகிறது. கடைசியில் செல்லின் வெளிச்சவ்வு கிழிகிறது. உள்ளே இருந்த ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று போனதும் ரத்தம் எடுத்துத் தேடுவது இந்தப் புரதத்தைத்தான். மூளையின் நரம்புச் செல்லுக்கு இந்த அவகாசம் சில நிமிடங்கள்தான். கை கால் தசைக்குச் சில மணி நேரம் வரை உண்டு.

அடைபட்ட பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டுவதும் இல்லை. இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் அதன் வெளிப்பரப்பில் ஓடி உள்நோக்கி இறங்குகின்றன. அதனால் உட்புறச் சுவர்தான் கடைக்கோடி. சாவு அங்கே தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கி அலையாக நகர்கிறது. ரைமர், ஜென்னிங்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1977-ல் நாய்களில் செய்த ஆய்வில் இதைக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் குழாயைத் திறந்தால் உட்புறப் பகுதி மட்டும் போகும். 6 மணி நேரம் ஆனால் சுவரின் பெரும்பகுதி போய்விடும். இதயத்தின் அறைக்குள் ரத்தம் நிறைந்து நிற்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு அடுக்குச் செல்கள் அந்த ரத்தத்திலிருந்தே ஆக்சிஜனை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்கின்றன, அதற்கு அடுத்த அடுக்கு செத்துப்போகிறது. மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு முறை இதைப் பார்க்கும்போதும் எனக்கு மனம் கனக்கும்.

பிணப் பரிசோதனை மேசையிலும் இந்த அவகாசம் தெரியும். அடைப்பு வந்து நான்கைந்து மணி நேரத்தில் இறந்தவரின் இதயத்தை வெறும் கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதை வில்லைகளாக அறுத்து, டெட்ரசோலியம் என்ற சாயக் கரைசலில் போட்டு வெதுவெதுப்பாக வைப்போம். கொஞ்ச நேரத்தில் உயிரோடு இருந்த தசை செங்கல் நிறமாகச் சிவக்கும். அதன் நொதிகள் சாயத்தை மாற்றுகின்றன. செத்த தசையில் அந்த நொதிகள் கசிந்து போயிருக்கும். அது வெளிறியே இருக்கும். மாணவர்களைக் கூப்பிட்டு, வெளிறிய திட்டின் ஓரத்தை விரலால் காட்டுவேன். வெளிப்புறத்தில் சிவப்பாக எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவும் காப்பாற்றியிருக்கக்கூடிய தசை.

காப்பாற்ற முடியும் என்பதை 1986-ல் இத்தாலியில் சுமார் 11,800 நோயாளிகளை வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு நிரூபித்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் ஆஸ்பத்திரி மரணம் 47 சதவீதம் குறைந்தது. 6 மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை. செல்லுக்குள் நடக்கும் கணக்கும் ஆஸ்பத்திரி வார்டின் கணக்கும் இவ்வளவு அச்சாகப் பொருந்துவது மருத்துவத்தில் அபூர்வம்.

நம் ஊரில் அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது? "வாய்வுப் பிடிப்புதான், ஓமத் தண்ணி குடி", "ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்துடும்", "விடியட்டும், பார்த்துக்கலாம்." வலியைத் தாங்கிக்கொள்வதைப் பெருமையாக நினைக்கும் அப்பாக்கள், வீட்டு வேலை முடியட்டும் என்று காத்திருக்கும் அம்மாக்கள். பல வருடச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலுமாகவும் வரும். 108-ஐக் கூப்பிட்டால் போதும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கட்டி மேலும் வளராமல் இருக்கத்தான் அது. குழாயைத் திறக்கும் வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மாத்திரை போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

செல்லின் தாக்குப்பிடிக்கும் திறனைப் பற்றி இன்னொரு செய்தி. அதே 1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களில் ஒரு சோதனை செய்தார்கள். குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்துவிட்டு, அதன்பின் 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். ஏற்கெனவே அடிபட்ட இதயம்தானே, சேதம் அதிகமாக இருக்க வேண்டும்? நேர்மாறாக, செத்த பகுதி, நேரடியாக 40 நிமிடம் அடைக்கப்பட்ட மற்ற நாய்களில் இருந்ததில் கால் பங்குதான். சின்னச் சின்னப் பட்டினிகள் செல்லைத் தயார்ப்படுத்தியிருந்தன; அது சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றிருந்தது. ஆனால் அடைப்பு 3 மணி நேரம் நீடித்தபோது இந்தப் பாதுகாப்பு எதுவும் நிற்கவில்லை. செல் தனக்கு நேரம்தான் வாங்கித் தருகிறது. ரத்தத்தை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அடிக்கடி வரும் நெஞ்சு வலி நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வலி 40 நிமிடத்தோடு நிற்கும், எது நிற்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாச் செல்லும் இப்படிக் கிழிந்துதான் சாகிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. ஜான் கெர் என்ற ஆஸ்திரேலியர் 1960-களில் லண்டனில், எலியின் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை ஓரளவு குறைத்துப் பார்த்தார். ரத்தம் அறவே கிடைக்காத திட்டுகளில் செல்கள் வீங்கிக் கிழிந்து செத்தன, சுற்றிலும் அழற்சி. குறைவாகவாவது கிடைத்த இடத்தில் செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, சிறு உருண்டைகளாக உடைந்து, பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டன. அழற்சி இல்லை, தழும்பும் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வைலி, கரி என்ற ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 1972-ல் இதற்கு அவர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார். கருவில் விரல்களுக்கு இடையே இருந்த சவ்வு மறைந்ததும் இந்த மரணத்தால்தான். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் தினமும் 5,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இப்படி விடைபெறுகின்றன. புற்றுநோய்ச் செல் இப்படிச் சாக மறுப்பதும் ஒரு பெரிய தனிக் கதை. அதை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

இதயத்தில் போனது போனதுதான். வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்த காலத்தில் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், செல்களின் டிஎன்ஏவில் பதிந்திருப்பதை வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதயச் செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு: அவ்வளவுதான் புதிதாகப் பிறக்கிறது. 2009-ல் வெளிவந்த முடிவு இது. ஒரு மாரடைப்பில் இழந்ததை இந்த வேகத்தில் ஈடுகட்டவே முடியாது. செத்த இடத்தை வெள்ளை அணுக்கள் துப்புரவு செய்கின்றன. அந்த வேலை நடக்கும் முதல் வாரத்தில்தான் சுவர் மிகவும் மென்மையாக இருக்கும். சிலருக்குக் கிழிந்தே போகும். டாக்டர் அப்போது ஓய்வெடுக்கச் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு மாதத்தில் உறுதியான தழும்பு வந்துவிடும். தழும்பு சுவரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் துடிக்காது.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஸ்டென்ட் வெச்சாச்சே சார், அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை?" ஸ்டென்ட் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது அம்மா, அது அடைந்துவிடாமல் இருக்கச் சில மாத்திரைகள். மற்றவை பிழைத்த செல்களுக்காக. செத்தவற்றின் வேலையும் இப்போது அவற்றின் தலையில்தான். அவை மறுபடி பருக்கத் தொடங்கும், அறை விரியும், வருடங்களில் இதயம் தளர்ந்துவிடும். 2,231 நோயாளிகளை வைத்து நடந்து 1992-ல் வெளிவந்த ஆய்வில், கேப்டோபிரில் என்ற மாத்திரை அந்தப் பாரத்தைக் குறைத்ததால் மரணம் 19 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டுக்காரரின் சீட்டில் 'பிரில்' என்று முடியும் மாத்திரை இருந்தால் அது அந்த வகைதான். அதை அவராக நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

நன்றி, வணக்கம்.