அரசர் மண்டியிட்ட குகைத் துறவி

நேயர்களுக்கு வணக்கம். புனித பிரான்சிஸ்கு என்றதும் பலருக்கு அசிசி நகரத்து ஏழைத் துறவிதான் நினைவுக்கு வருவார். நான் பேச வந்திருப்பது, அவர் பெயரையே தாங்கி ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்துப் பிறந்த இன்னொருவரைப் பற்றி. இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா பகுதியில், பவோலா என்ற கடலோர ஊரில் 1416இல் பிறந்தவர். அதனால் பவோலா பிரான்சிஸ்கு.

நெடுநாள் பிள்ளையில்லாத பெற்றோர் அசிசி புனிதரிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோது கண்ணில் நோய் வந்தது. குணமானால் ஒரு வருடம் பிரான்சிஸ்கன் மடத்தில் விடுவதாக நேர்ந்துகொண்டார்கள். பையனுக்குப் பதின்மூன்று வயதானபோது அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார்கள். மடத்து வாழ்க்கை முடிந்து, அசிசிக்கும் ரோமுக்கும் திருப்பயணம் போய் வந்து, பையன் வீட்டில் தங்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு குகையில் போய் உட்கார்ந்துவிட்டான். 1435 வாக்கில் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு துறவற சபை தொடங்கியது இப்படித்தான்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் குருப்பட்டம் பெறவே இல்லை, அதாவது பாதிரியார் ஆகவில்லை. படிப்பும் இல்லை. கடைசிவரை சாதாரண சகோதரர். சபைக்கு அவர் வைத்த பெயரே 'மினிம்', மிகவும் சிறியவர்கள் என்று.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) என்று கடைப்பிடிக்கிறவர்களுக்கு நாற்பது நாள் எவ்வளவு நீளம் என்று தெரியும். இவர் சபையில் வருடம் முழுக்கத் தவக்காலம். இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு இதையும் நான்காவதாகச் சேர்த்துவிட்டார்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன். பிரான்சு நாட்டு அரசர் பதினோராம் லூயி. தந்திரத்துக்குப் பேர்போனவர். உடல் தளர்ந்து, சாவுக்குப் பயந்து, தூர் நகருக்குப் பக்கத்தில் பிளெஸ்ஸி கோட்டையில் அடைந்து கிடந்தார். சுற்றிலும் இரும்புக் கம்பிகள், மதிலில் முட்கள், அண்டினால் அம்பெய்யக் காவலர்கள். மருத்துவருக்கு மாதம் 10,000 பொற்காசு கொடுத்தாராம். இதையெல்லாம் எழுதிவைத்தவர் அரசரோடு நெருங்கிப் பழகிய பிலிப் தெ கொமின்.

அந்த அரசர் கலாப்ரியாத் துறவியைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் வரவில்லை. கடைசியில் திருத்தந்தை (போப்) நான்காம் சிக்ஸ்துஸ் கட்டளையிட்ட பிறகுதான் கிளம்பினார். 1483, வயது அறுபத்தேழு. வந்தவர் முன்னால் அரசர் மண்டியிட்டார். என் ஆயுளை நீட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். துறவி என்ன பதில் சொன்னார்? ஒரு விவேகி என்ன சொல்வாரோ அதைச் சொன்னார் என்று கொமின் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஆயுள் நீளவில்லை. ஆகஸ்டு 30ஆம் தேதி அரசர் இறந்தார். நல்ல சாவுக்கு அவரைத் தயார் செய்ததே இவர் செய்த உதவி.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான். மண்டியிட்டிருப்பவர் ஒரு பெரிய நாட்டின் அரசர். பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லியிருந்தால் மடங்களும் நிலங்களும் வந்து குவிந்திருக்கும். எதுவும் வேண்டாம் என்றிருந்தவருக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும்? சிறியவராக இருந்ததால்தான் அவருக்கு அரசரிடம் உண்மை பேச முடிந்தது. அடக்கம் என்றால் குனிந்து நிற்பது என்று நினைக்கிறோம் அல்லவா, அந்த அறையில் குனிந்து நின்றது அரசர். அரண்மனையில் சிலர் துறவியைக் கேலி செய்தார்கள். கொமினோ, இவ்வளவு தூய வாழ்க்கை வாழ்ந்த மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்கிறார்.

ஊர் திரும்ப விடவில்லை. அடுத்து வந்த இரண்டு அரசர்களும் அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். பின்னால் அரசரான முதலாம் பிரான்சுவாவுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். 1507இல், புனித வெள்ளியன்று, தொண்ணூற்றொரு வயதில் பிரான்சிலேயே இறந்தார். பன்னிரண்டு வருடத்தில் புனிதர் பட்டம்.

படகுக்காரர் ஏற்ற மறுத்ததால் மேலங்கியைக் கடலில் விரித்து, இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் நடுவில் உள்ள மெசினா நீரிணையைக் கடந்தார் என்ற மரபுக் கதையை விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் நெருங்கிவிட்டது. இத்தாலியக் கடலோடிகளுக்கு அவர் பாதுகாவலரானது அதனால்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், கணக்கில் மெர்சென் பகா எண்கள் என்று படித்திருப்பீர்களே, அந்த மெர்சென் இந்த மினிம் சபைத் துறவிதான். அவரைப் பற்றி வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.