பக்கத்து நிரைக்காரி

நேயர்களே, வணக்கம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று நம் மலையக நகரங்களில் வாழ்த்துப் பதாகைகள் எழும்புகின்றன. பிள்ளையின் படம், பாடசாலையின் பெயர், மூன்று ஏ. பார்க்கையில் மனம் குளிர்கிறது. பதாகையில் இடம்பெறாதவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மலையில் குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பிந்தி வந்த தாயின் சாக்கு எப்படி நிறையும்? நிறுவைக்கு முன், பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுக்கும் நிரைக்காரி தன் சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளி அதில் போடுகிறாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார். மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு, நேயர்களே. அந்தக் காசைத்தான் அவள் வாய்திறவாமல் விட்டுக்கொடுக்கிறாள். அந்தத் தாய்க்கு முழுப்பேர் விழுகிறது. மூத்த பிள்ளையின் டியூஷன் காசு அதிலிருந்துதான் போகிறது.

வரிசை வீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்தால், அடுத்த காம்பராவிலும் தொலைக்காட்சியை அணைத்தாக வேண்டும். அணைக்கிறார்கள்.

இதைச் சொல்வதால், அயலாரின் நல்ல மனம் இருந்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அந்தப் பின்னடைவின் சுமையை இன்றைய பிள்ளையும் சுமக்கிறது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளையிடம் "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது அநியாயம். ஆசிரியரைக் கேட்டு வாங்குவதும், நியாயமான சம்பளத்துக்காகக் குரல் கொடுப்பதும் பிறர்நலம்தான்.

கொடுப்பவர் இதில் இழந்துபோவதில்லை. தம்பி தங்கைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மாரைப் பார்த்திருக்கிறேன். "ஏன் அண்ணே கீழ் எண்ணைக் கூட்டக் கூடாது?" என்று ஒரு சின்னவன் கேட்டதும், மனப்பாடமாகத் தெரிந்ததை முதன்முறையாக யோசிக்க வேண்டியதாகிறது. அந்தத் தெளிவு அண்ணனுக்குப் பரீட்சை மண்டபத்திலும் கைகொடுக்கிறது.

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் பல மாதங்கள் இருக்கின்றன. மாலையில் இரண்டு மணி நேரம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கும் சாதாரணதரக் கணிதப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கோயில் மண்டபம் போதும். தோட்டத் தலைவரிடம் கேளுங்கள், சாவியைத் தருவார்.

நன்றி, வணக்கம்.