ஸ்பிரிங் என்று எழுதினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் காப்புரிமை முகவர். பேடன்ட் ஏஜென்ட் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் பம்ப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். "பொறியியலை விட்டுவிட்டு ஏன் காகித வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் எதையும் விடவில்லை. அன்று கையில் கிரீஸோடு கற்றதை வைத்துத்தான் இன்று காப்புரிமை விண்ணப்பங்களை எழுதுகிறேன்.

காப்புரிமை வேண்டுமென்றால், கண்டுபிடித்தவர் தன் உத்தியை, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதித் தர வேண்டும். பதிலுக்கு, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, மற்றவர்கள் அதைச் செய்யாமல், விற்காமல் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அந்த உரிமை எதுவரை என்று சொல்பவை கோரிக்கைகள். 'கிளெய்ம்' என்போம். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போலத்தான். நிலத்துக்காவது எல்லைக் கல் இருக்கும். இங்கே சொல்தான் கல்.

ஒருவர் ஒரு பம்ப் சீல் கொண்டு வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஷாஃப்ட் சுற்றும் இடத்தில் தண்ணீர் ஒழுகக் கூடாது என்பதற்காக இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உரசி நிற்கும். ஒன்று ஷாஃப்டோடு சுற்றும், மற்றது அசையாது. வளையம் தேயத் தேய, பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். "என் சீல் ரொம்ப நாள் உழைக்குது சார்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிராயிங்கைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. ஒழுகும் சீலைக் கழற்றினால் சில நேரம் வளையத்தின் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக இருக்கும். பிறகு ஏன் ஒழுகியது? ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே மணல் இறுகி, அது அசையாமல் கட்டையாகக் கிடக்கும். இவர் செய்திருந்த ஏற்பாடு மணலை அங்கே தங்கவிடவில்லை. புதுமை அதுதான்.

"ஸ்பிரிங்குக்குப் பதிலாக பெல்லோஸ், அதாவது துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான குழாய், வைத்தால்?" என்று கேட்டேன். "அதுவும் வேலை செய்யும் சார்" என்றார். "ரப்பர்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சூடு குறைவாக இருந்தால் சரி."

'ஸ்பிரிங்' என்று மட்டும் எழுதியிருந்தால், நாளைக்கு ஒருவர் பெல்லோஸ் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். 'வளையத்தை அழுத்தி வைக்கும் மீள்தன்மை உறுப்பு' என்று எழுதினோம். மூன்று வகைக்கும் படம் போட்டோம். ஆனால் அகலமாக எழுதுவது மட்டும் சாமர்த்தியம் இல்லை. எல்லையை விரித்துக்கொண்டே போனால் ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் சீல் அதற்குள் வந்துவிடும், விண்ணப்பம் விழுந்துவிடும். எனவே மணலைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டோம். எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது, கழற்றிப் பார்த்த கைக்குச் சீக்கிரம் தெரியும்.

இதற்குப் பழைய உதாரணம், விமானம் செய்த ரைட் சகோதரர்கள். 1903 மார்ச்சில் தாங்களே எழுதி விண்ணப்பித்தார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. அப்புறம் ஹாரி டூல்மின் என்ற காப்புரிமை வழக்கறிஞரிடம் போனார்கள். 1906 மே 22 அன்று காப்புரிமை கிடைத்தது. அதில் எஞ்சின் முக்கியமே இல்லை. பறக்கும்போது இறக்கையின் இரு ஓரங்களும் காற்றைச் சந்திக்கும் கோணத்தை மாற்றி, பக்கவாட்டில் சாயாமல் கட்டுப்படுத்துவதைத்தான் கோரினார்கள். அவர்கள் இறக்கையையே முறுக்கினார்கள். அவர்களுக்குப் போட்டியாக விமானம் செய்த கிளென் கர்டிஸ் தனியாக அசையும் பலகைகளை வைத்தார். அதுவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது என்று 1914-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தக் கோரிக்கையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வர சட்டப் பட்டம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் 1970 காப்புரிமைச் சட்டப்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் இருந்தால் முகவர் தேர்வு எழுதலாம். அமெரிக்காவிலும் முகவருக்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை, தொழில்நுட்பப் படிப்புதான் கட்டாயம்.

இன்னொன்று. கண்காட்சியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் வருகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பல நாடுகளில், விண்ணப்பிப்பதற்கு முன்பே வெளியே காட்டியது புதுமையாகாது. காட்டிய பிறகும் விண்ணப்பிக்க அவகாசம் தரும் சலுகைக் காலம் சில இடங்களில் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. தயவுசெய்து முதலில் விண்ணப்பியுங்கள், பிறகு காட்டுங்கள்.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஆசைப்படும் பொறியாளர்கள் இன்று இரவே ஒரு பேனா மூடியைக் கையில் எடுங்கள். அது ஏன் கழன்று விழுவதில்லை என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கோரிக்கையை ஒரே வாக்கியமாக எழுதுவதுதான் வழக்கம். எழுதியதை நண்பரிடம் கொடுங்கள். அந்தச் சொற்களுக்குள் அடங்காத, ஆனால் அதே மாதிரி நிற்கிற வேறொரு மூடியை அவர் வரைந்து காட்டிவிட்டால், உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.