பரிசழிப்பு விலா

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அச்சகத்தில் புரூப், அதாவது மெய்ப்பு, பார்த்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளியின் அழைப்பிதழ் வந்தது. தலைப்பு ‘பரிசளிப்பு விலா’ என்று அச்சுக் கோக்கப்பட்டிருந்தது. நான் பிழையைப் பார்த்துவிட்டேன். இரண்டு சொல்லுக்கும் நடுவில், மேலே, ‘ழ’ என்று ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அச்சாகி வந்தது ‘பரிசழிப்பு விலா’. கோப்பவர் என் ழகரத்தை முதல் சொல்லுக்குக் கொடுத்துவிட்டார். பரிசையும் அழித்து விலாவையும் ஒடிக்கப் போகிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். தவறு கோப்பவருடையது இல்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டாக்கியவன் நான்தான்.

மெய்ப்புத் திருத்துபவரும் அதைக் கணினியில் சரிசெய்பவரும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. தாள் மட்டும்தான் போய் வரும். அதனால் எந்தத் திருத்தத்தையும் இரண்டு இடத்தில் காட்ட வேண்டும். வரிக்குள் போடும் குறி ‘எங்கே’ என்று சொல்லும். ஓரத்தில் எழுதுவது ‘என்ன’ என்று சொல்லும். ஒரே வரியில் மூன்று திருத்தம் இருந்தால் ஓரத்தில் அதே வரிசையில் எழுதி, நடுவே சாய்கோடு போடுங்கள். அன்றைக்கு நான் ‘லா’வைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் ‘ழா’ என்று எழுதியிருந்தால் முடிந்தது வேலை.

குறிகள் அப்படியொன்றும் புதிரானவை இல்லை. நீக்க வேண்டியதை வெட்டி ஓரத்தில் ஒரு சுழி போடுகிறோமே, அது ‘நீக்குக’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதல் எழுத்து. கை மாறி மாறி வளைந்துவிட்டது. விடுபட்டதைச் சேர்க்கக் கூரை மாதிரி ஒரு குறி. இதை வெள்ளைக்காரன் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். ஏட்டுச்சுவடியிலும் விடுபட்ட எழுத்துக்கு அடையாளம் போட்டார்கள். அதற்குப் புள்ளடி என்று பெயர், ஹம்ஸபாதம் என்றும் சொல்வார்கள். பறவையின் காலடி! எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

இடைவெளி விட ஹேஷ் (#) குறி. சேர்க்க, மேலும் கீழும் இரண்டு பிறை. பலகை என்பது ‘பல கை’ ஆகிவிட்டால் இந்தப் பிறைகள்தான் காப்பாற்றும். வெட்டியது தப்பு, பழையபடியே இருக்கட்டும் என்றால் சொல்லின் அடியில் புள்ளிகள் வையுங்கள். ஓரத்தில் முன்பெல்லாம் ‘ஸ்டெட்’ என்று எழுதுவார்கள். இலத்தீனில் ‘நிற்கட்டும்’ என்று பொருள். மெய்ப்புக் குறிகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை 1976-இல் வந்தபோது, எந்த மொழிக்காரருக்கும் புரியட்டும் என்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வட்டத்துக்குள் ஒரு ‘சரி’ போடச் சொன்னது. நமக்கு அது வசதி.

ஆனால் தமிழுக்கு இந்தக் குறிகள் அப்படியே பொருந்தாது. ஆங்கில எழுத்து வரிசையாக நிற்கும்; நம் எழுத்துக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால், புள்ளி தலையில். ‘கெ’ என்பதைக் ‘கே’ ஆக்க வேண்டும். கொம்பை மட்டும் வட்டமிட்டு ஓரத்தில் இரட்டைச்சுழிக் கொம்பை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஈய எழுத்துக் காலத்தில் கொம்பு தனித் துண்டு, மாற்றிச் செருகிவிடுவார்கள். இன்று முரசு அஞ்சல் மாதிரித் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் ஒலிமுறையில் அடிக்கும்போது மெய்யை அடித்த பிறகுதான் உயிர். கொம்பு தானே முன்னால் போய் உட்காரும். துண்டை மட்டும் காட்டினால் அடிப்பவர் குழம்புவார். அதனால் முழு எழுத்தையும் வெட்டுங்கள், முழு எழுத்தையும் எழுதுங்கள்.

புள்ளியும் அப்படித்தான். ‘அந்த பள்ளி’ என்று இருந்தால், ‘த’வுக்குப் பின்னால் கூரை போட்டு ஓரத்தில் ‘ப்’ என்று பெரிதாக எழுதுங்கள். முற்றுப்புள்ளியை ஓரத்தில் எழுதும்போது வட்டமிடுவது ஏன் தெரியுமா? இல்லாவிட்டால் அது வெறும் தூசி மாதிரித் தெரியும். ‘ப்’பின் புள்ளிக்கும் அதே கவனம் கொடுங்கள். அப்புறம், எந்த வரியும் புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. கணினி சில நேரம் ‘பள்’ என்பதில் ‘ள்’ளை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும், மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் அச்சகத்தின் பிழைக்குச் சிவப்பு, எழுதியவர் மனம் மாறியதற்கு நீலம். அழகுக்காக இல்லை, பில்லுக்காக. நீலத் திருத்தத்துக்குக் காசு கேட்பார்கள்.

தெரியாததைத் திருத்தாதீர்கள். மாநிலத்தின் பெயரை ஒருவர் ஜொகூர் என்பார், இன்னொருவர் ஜோகூர் என்பார். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வட்டமிட்டுக் கேளுங்கள். முடிவு செய்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை அதையே பிடியுங்கள்.

சரி, உங்கள் நாற்காலியில் ஒரு தாள் இருக்கும், எடுங்கள். அதில் 12 பிழைகள் வைத்திருக்கிறேன். நேற்று இரவு எண்ணிப் பார்த்தேன், 13 இருந்தது.